கெதிபோனே வீட்டு வேலிச் சந்து

லெராலெங்கின் எட்டாம் வரிசைக்காரர்களுக்குத் தெருவில் நடக்கத் தெரியாது என்று மற்ற வரிசைக்காரர்கள் கேலி செய்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. தார் ரோட்டிலிருந்து நாணல் சதுப்புக்குப் போக வேண்டுமென்றால் அவர்கள் கொல்லைப்புறங்கள் வழியாகத்தான் போவார்கள். ஒவ்வொரு வேலியிலும் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து இருந்தது. பாத்திரம் கழுவுகிறவளிடம் ஒரு நலம் விசாரிப்பு, துணி காயப்போடுகிறவளிடம் ஒரு வம்பு, கட்டிப்போட்ட நாய்க்கு ஓர் அதட்டல் என்று போட்டுக்கொண்டே போனால் சதுப்பு வந்துவிடும். தெருவைச் சுற்றிப் போகிறவன் ஒன்று வெளியூர்க்காரனாக இருப்பான், இல்லையென்றால் நடுவில் ஏதோ ஒரு வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவனாக இருப்பான்.

இந்தச் சந்துகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. லொகேஷன் என்று சொல்லப்பட்ட பழைய கறுப்பர் குடியிருப்பை இடித்து, சனங்களை லாரியில் ஏற்றி, தங்கச் சுரங்கத்தின் மஞ்சள் மண்மேட்டுக்குப் பின்னால் கொண்டுவந்து கொட்டினார்கள். வீட்டுக்கு நான்கு அறை, கதவில் ஒரு நம்பர், கொல்லையில் ஒரு குழாய். ஆகஸ்ட் காற்று அடித்தால் மக்காச்சோளக் களியில்கூட மண்மேட்டு மணல் பல்லில் கடிபடும். வந்த சூட்டோடு பெண்கள் வீட்டில் சோள பீர் காய்ச்ச ஆரம்பித்தார்கள். அன்றைய வெள்ளைக்கார சர்க்காருக்கு அது குற்றம். போலீஸ் முன்வாசலில் நுழைந்தால் பீர்ப் பானை பின்வேலி வழியே அடுத்த வீட்டுக்குப் போயாக வேண்டும். அதற்காக முதல் சந்தை வெட்டியவள் யார் என்று இன்றைக்கும் குடும்பங்களுக்குள் வழக்கு நடக்கிறது. பிறகு பாஸ் புத்தகம், அதாவது நடமாட அனுமதிச் சீட்டு, இல்லாத ஆண்கள் அதில் ஓடினார்கள். அவர்கள் ஓடி ஓய்ந்ததும், கண்ணீர்ப்புகைக்கும் துப்பாக்கிக்கும் தப்பி அவர்களுடைய பிள்ளைகள் ஓடினார்கள்.

ஓடி வருகிற பிள்ளைக்காக எட்டாம் வரிசையில் சமையலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. எவன் உள்ளே வந்து விழுந்தாலும் அவன் கையில் ஓர் உருளைக்கிழங்கையும் கத்தியையும் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, இவன் என் தங்கை மகன், முந்தாநாளிலிருந்து காய்ச்சல் என்று போலீசிடம் சத்தியம் செய்வார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அந்தக் காலத்தில் அந்த வரிசையில் எல்லாருமே ஓணான்கள்தான்.

சுதந்திரம் வந்து, மற்ற வரிசைக்காரர்களுக்குக் கையில் கொஞ்சம் காசு புரண்டதும், சந்துகளை அடைத்துச் சுவர் வைத்துக்கொண்டார்கள். சிமென்ட் தூண்களை நட்டு, தூணின் காடியில் சிமென்ட் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுகிற சுவர். டவுன்ஷிப்பில் அதற்கு 'ஸ்டாப் நான்சென்ஸ்' என்று பெயர். வாலைச் சுருட்டிக்கொண்டு உன் பக்கத்தில் கிட என்று அர்த்தம். எட்டாம் வரிசையில் மட்டும் அது வரவில்லை. வராததற்குக் காரணம் ஒரே ஆள்: நிலக்கரி வண்டிக்காரர் ராபாசெகா. 'சந்தை மூடுகிறவன் என் பிணத்தின்மேல் நின்று மூடட்டும்' என்பார். அதிகம் பேசாத மனிதர். அவர் வாயிலிருந்து முழுசாக வருகிற ஒரே வாக்கியம் அதுதான் என்பதால் எல்லாரும் பயந்தார்கள்.

போன குளிர்காலத்தில் அவர் செத்துப்போனார். கிறிஸ்துமஸ் வருவதற்குள் அவர் வீட்டு வாசலிலேயே சிமென்ட் பலகைகள் வந்து இறங்கின. இறக்கியவள் அவர் பெற்ற மகள் கெதிபோனே.

கெதிபோனேக்குத் தார் ரோட்டோரத்தில் ஒரு பழைய இரும்புக் கன்டெய்னரில் முடி பின்னுகிற கடை. பெண்கள் தலையைக் கொடுத்துவிட்டு வாயை வாங்கிக்கொண்டு போகிற இடம். பலகை வந்த செய்தி காதில் விழுந்ததும் வார்டு கமிட்டித் தலைவர் மொகெதி மூச்சு வாங்க அங்கே வந்து நின்றார்.

"என்ன கெதி, கேள்விப்பட்டது நெசமா?"

"முடி பின்னவா வந்தீங்க? தொப்பிக்கு அடியில ஒண்ணையும் காணோமே, எதைப் பின்றது?" என்றாள் கெதிபோனே, கையிலிருந்த பின்னலை விடாமல். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"விளையாடாத. சந்தை மூடிட்டா எங்க வீட்டுக்காரி சர்ச்சுக்கு எப்படிப் போவா?"

"தெரு வழியா. தெருவுக்கு விளக்குப் போடுறேன், விளக்குப் போடுறேன்னு சொல்லித்தானே ஒவ்வொரு தடவையும் ஓட்டு வாங்குறீங்க? ஒரு தடவை அதுல நடந்துதான் பாருங்களேன்."

"உங்க பக்கத்து வீட்டு மாதூசோவுக்குக் காலு சரியில்ல. கிளினிக்குக்கு உங்க கொல்லை வழியாத்தான் வரணும். சுத்திக்கிட்டுப் போகச் சொன்னா அந்தம்மா வழியிலயே விழுந்துடும்."

கெதிபோனேயின் விரல்கள் நின்றன. "எங்கண்ணன் எங்க விழுந்தான்னு உங்களுக்குத் தெரியாதா?"

மொகெதி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "தெரியும்."

"அப்ப நீங்கதானே காம்ரேடு? காட்டிக்கொடுத்தவனைக் கொளுத்தணும்னு பெட்ரோல் டப்பாவோட வீடு வீடா ஏறிக் கேட்டவரு நீங்கதானே? சந்தை மூடினது யாருன்னு தெரிஞ்ச பெறகும் சும்மா விட்டுட்டு வந்தவரும் நீங்கதானே?"

"புருசன் பொணம் வீட்டுக்குள்ள கெடந்துச்சு கெதி. கறுப்பு உடுத்தி உக்காந்திருந்த பொம்பளை. 'நான்தான் மூடினேன், என் மாடு ஓடிடக் கூடாதுன்னு மூடினேன்'னு மூஞ்சிக்கு நேரா சொல்லுச்சு. கறுப்பு உடுத்தினவ மேல எவன் கை வைப்பான்?"

அது உண்மை. புருஷன் செத்து கறுப்பு உடுத்தியவளை அந்த ஊரில் யாரும் தொடமாட்டார்கள். கடையில் மிச்சக் காசைக்கூட அவள் கையில் வைக்காமல் மேஜையில் வைப்பார்கள். அவளை அடித்தால் அந்தச் சாவு அடித்தவன் வீட்டுக்கு நடந்து வரும் என்பது நம்பிக்கை. அன்றைக்குக் கையில் டப்பாவோடு வந்த பையன்கள் கடவுளுக்குப் பயப்படாதவர்கள்தான், ஆனால் கறுப்புத் துணிக்குப் பயந்தார்கள்.

"அவங்க கறுப்பைக் கழட்டி எத்தனையோ வருஷமாச்சு. நான் அவங்க மேல கை வைக்கல. சுவர்தான் வைக்கிறேன். போயிட்டு வாங்க," என்றாள் கெதிபோனே.

அண்ணன் செத்த வருஷம் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தன. தெருவில் திரியும் பெண்பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று கெதிபோனேயை மலைப்பக்கத்து அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா வெள்ளைக்காரர் வீட்டில் தங்கிச் சமையல் வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். அண்ணன் பாசெகா, ஊர் அப்பாவை ராபாசெகா என்று கூப்பிடக் காரணமானவன், போலீஸ் தேடுகிற பையன். வாரக்கணக்கில் வீட்டில் படுப்பதில்லை. அப்பா மட்டும் நிலக்கரித் தூசியோடு தனியாக இருந்தார். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு மாதூசோவின் புருஷன் ஆலை விபத்தில் செத்தார். சனிக்கிழமை அடக்கம். அடக்கத்துக்கு அறுக்க வேண்டிய மாடு வெள்ளிக்கிழமையே வந்து கொல்லையில் கட்டிக்கிடந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் போலீஸ் வண்டிகள் தார் ரோட்டில் நுழைந்தன. பாசெகா வேலி வேலியாகத் தாண்டி ஓடிவந்தான். சொந்த வீட்டுக் கொல்லைக்குள் வந்தான். அங்கிருந்து மாதூசோவின் கொல்லை, அதற்கப்புறம் சதுப்பு, நாணலுக்குள் போய்விட்டால் எவனாலும் பிடிக்க முடியாது. ஆனால் அந்தச் சந்து அடைத்துக் கிடந்தது. திரும்பினான், சுட்டுவிட்டார்கள். குண்டுச் சத்தத்துக்கு வரிசை முழுவதும் தரையில் படுத்துக் கிடந்ததால் யாரும் எதையும் பார்க்கவில்லை.

அத்தை வீட்டிலிருந்து கெதிபோனே வந்து சேர்ந்தபோது அண்ணனும் இல்லை, அண்ணனின் கட்டிலும் இல்லை. பச்சை பெயின்ட் அடித்த இரும்புக் கட்டில். தலைமாட்டுச் சட்டத்தில் இரண்டு இரும்புப் பறவைகள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். சின்ன வயதில் அதன்மேல் ஏறிக் குதித்து அவள் ஒரு பறவையின் கழுத்தை உடைத்தபோது, அப்பாவுக்குத் தெரியாமல் பாசெகாதான் செம்புக் கம்பி சுற்றி நிமிர்த்திவைத்தான். "பாக்க முடியல, சர்ச்சுக்குக் கொடுத்துட்டேன்" என்று அப்பா சொன்னார். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஒரு மாட்டுக்காக என் அண்ணன் செத்தான் என்று அவளுக்குள் அன்று விழுந்த கணக்கு மாறவேயில்லை. அதைவிட அவள் வயிற்றை எரித்தது அப்பா செய்த காரியம். சனிக்கிழமைதோறும் ஒரு மூட்டை நிலக்கரியை முதுகில் தூக்கிக்கொண்டு அதே சந்து வழியாக மாதூசோவின் வீட்டில் கொண்டுபோய் வைப்பார். அவள் கூரை ஒழுகினால் இவர் ஏறுவார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சில பெண்கள் சிரித்தார்கள். 'மகனைக் கொன்றவளுக்குக் கூலி வேலை பார்க்கிறாயே, உனக்கு வெட்கமில்லையா' என்று கெதிபோனே ஒருநாள் முகத்துக்கு நேராகக் கேட்டேவிட்டாள். அப்பா எழுந்து வெளியே போனார்.

கடைசியில் நெஞ்சுச்சளி கட்டிப் படுத்தபோது அவர் "மாதூசோவைக் கூப்பிடு" என்றார். கெதிபோனே கூப்பிடவில்லை. அவர் மறுபடியும் கூப்பிடச் சொன்னார். அவள் எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்குச் செய்ததில் தப்பொன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

சுவர் வேலைக்கு மொசாம்பிக்காரன் சிமாவோ வந்தான். தூண் நட அவன் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தபோது மாதூசோ கோலை ஊன்றிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். முழங்கால் இரண்டும் வீங்கி, பாதத்தில் ஆண்பிள்ளைச் செருப்பு.

"சுவர் வெச்சுக்க கெதி. உன் இடம், உன் இஷ்டம். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்."

கெதிபோனே முகத்தைக் கொடுக்காமல், "சொல்லுங்க," என்றாள்.

"பீச் மரத்துக்கு இந்தண்ட, எங்க கொல்லைக்குள்ள தள்ளி வெச்சுக்கம்மா. மரம் உனக்கே இருக்கட்டும், மண்ணும் உனக்கே இருக்கட்டும்."

சிமாவோ கயிற்றை விட்டுவிட்டுப் பார்த்தான். ஒரு சாண் மண்ணுக்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிற ஊரில் ஒருத்தி மரத்தோடு மண்ணைத் தூக்கிக் கொடுக்கிறாள். "அவுசி, வாங்கிக்கங்க! எங்க ஊர்ல இப்படிக் கொடுத்தா அவங்க கையைப் புடிச்சு முத்தம் கொடுப்போம்," என்றான். எல்லாப் பெண்களையும் அவன் அவுசி என்று அக்காள் முறை வைத்துத்தான் கூப்பிடுவான்.

கெதிபோனேக்குச் சந்தேகம்தான் கூடியது. நாளைக்கு இவளே கவுன்சிலில் போய், என் இடத்தைப் பிடித்துக்கொண்டாள் என்று நிற்கமாட்டாள் என்பது என்ன நிச்சயம்?

"உங்க மண்ணு எனக்கு எதுக்கு? உங்ககிட்டேருந்து எனக்கு வர வேண்டியது மண்ணா?"

"வேர் அறுந்தா மரம் பட்டுப்போயிடும்மா."

"படட்டும். மாட்டுக் குடலைப் புதைச்ச குழியில வளந்த மரந்தானே," என்றாள் கெதிபோனே. அடக்கத்துக்கு அறுத்த அந்த மாட்டின் குடலையும் சாணத்தையும் புதைத்த குழியின் மேல்தான் மாதூசோ அந்த மரத்தை வைத்திருந்தாள். வரிசைப் பிள்ளைகள் எல்லாம் டிசம்பரில் அதில் தொங்கின. கெதிபோனே ஒரு பழம் வாயில் வைத்ததில்லை. யோசித்துப் பார்த்தால் அப்பாவும் தின்றதில்லை. அவருக்குப் பல் சரியில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாதூசோ கோலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்குள் தெருப்பக்கத்திலிருந்து வேலியோரமாக வரிசையாகத் தூண்கள் நின்றுவிட்டன. சந்துக்குப் பக்கத்தில், பீச் மரத்தடியில் கடைசிக் குழி. வேடிக்கை பார்க்க வரிசை முழுக்கக் கூடியிருந்தது. எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது, இவர்கள் எதற்குக் காய்கிறார்கள் என்று கெதிபோனே முணுமுணுத்தாள். ஆனால் அவர்களும் ஒன்றும் ஊமையாக நிற்கவில்லை.

"அடியே கெதி, சுவர் உசரம் போதுமா? உன் நாக்கு அந்தப் பக்கம் எட்டாதே!" என்று ஒருத்தி கத்தினாள்.

"ஏன், உன் பையன் எட்டிக் குதிச்சுத்தானே என் குழாயைக் கழட்டிக்கிட்டுப் போனான்? அவனைக் கேளு, உசரம் போதுமான்னு!"

சிரிப்பு அடங்குவதற்குள் சிமாவோவின் கடப்பாரை ணங்கென்றது.

"அவுசி, இரும்பு."

"பைப்பா? பாத்து, உடைச்சுடாத."

"பைப்புன்னா தண்ணி வரும். இது..." அவன் குனிந்து கையால் மண்ணை வாரினான். வேர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ஒரு சட்டத்தைக் கோடரியால் விடுவித்து இழுத்தான். முதலில் ஒரு கால் வந்தது, பிறகு துருப்பிடித்த ஸ்பிரிங் வலை. "கட்டில், அவுசி. யாரோ கட்டிலைப் பொதைச்சிருக்காங்க! இந்த ஊர்ல மனுசனைப் பொதைச்சுட்டுக் கட்டிலை வெளியிலதானே வைப்பீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. தலைமாட்டுச் சட்டம் வெளியே வந்தபோது அதில் இரண்டு பறவைகள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. ஒன்றின் கழுத்தில் பச்சைக் களிம்பேறிய செம்புக் கம்பி சுற்றியிருந்தது.

கெதிபோனே குழியோரம் வந்து குனிந்து பார்த்தாள். சர்ச்சுக்குக் கொடுத்த கட்டில் மாதூசோவின் மரத்தடியில் எப்படி வந்தது? ஒரே ஒரு பதில்தான் அவளுக்குக் கிடைத்தது, அது வாயிலும் வந்துவிட்டது.

"திருடி! எங்கண்ணனைச் சாகவிட்டது பத்தாதுன்னு அவன் படுத்த கட்டிலையும் திருடிப் பொதைச்சு வெச்சிருக்கியா? அதுக்குத்தான் மண்ணு தர்றேன், மரம் தர்றேன்னு நடிச்சியா?"

இத்தனை வருஷத்தில் அவள் மாதூசோவை 'நீ' என்று மரியாதை இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. கூட்டம் சந்து வழியாக மரத்தடிக்கு நெருங்கி வந்தது. மொகெதியும் தொப்பியோடு முன்னால் வந்துவிட்டார். மாதூசோ தன் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கட்டிலைப் பார்த்தாள், மொகெதியைப் பார்த்தாள், பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"ஆமா. நான்தான் திருடினேன்."

"எதுக்கு?" என்றார் மொகெதி.

"ஆசைப்பட்டேன். நல்ல இரும்பு. பெறகு பயம் வந்துச்சு, பொதைச்சிட்டேன். இப்ப என்ன செய்யணும், போலீசைக் கூப்பிடணுமா? கூப்பிடுங்க."

புருஷன் பிணத்தைக் கூடத்தில் கிடத்திவிட்டு, ஊரே தரையில் படுத்துக் கிடந்த நேரத்தில், ஒரு பெண்பிள்ளை பக்கத்து வீட்டுக்குள் போய் இரும்புக் கட்டிலைத் திருடினாளாம். பொய் சொல்வதில் பழக்கப்பட்ட வரிசைதான் அது. ஆனாலும் இந்தப் பொய் நிற்கவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கெதிபோனே கட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டாள். சட்டத்தின் மூலைகளில் வேலிக்கம்பி கட்டியிருந்தது. ஒவ்வொரு மூலையிலும் கம்பியை இரட்டையாக மடித்து, முறுக்கி, நுனியைத் திருப்பி உள்ளே குத்தியிருந்தது, குழந்தைகள் கையைக் கிழித்துவிடக் கூடாது என்பதற்காக. நிலக்கரி மூட்டையின் வாயை அப்படித்தான் கட்டுவார் அப்பா. வண்டியின் பின்கதவை அப்படித்தான் கட்டுவார். அவளுடைய பள்ளிக்கூடப் பையின் அறுந்த வாரையும் அப்படித்தான் கட்டிக்கொடுத்தார்.

முடிச்சை அவள் விரலால் தடவினாள். பையன் வாரக்கணக்கில் வீட்டில் படுப்பதில்லை. கட்டில் சும்மா கிடக்கிறது. பக்கத்து வீட்டில் சாவு, மாடு வேலியை முட்டுகிறது, ஆண்துணை இல்லை. நல்ல பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்வார்? கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தை அடைப்பார். ஒரே ஒரு ராத்திரிக்குத்தானே. பாசெகா ஓடி வந்து முட்டி நின்றது அவன் சொந்தக் கட்டிலின் மேல். அந்தப் பறவைகளை அவன் பார்த்திருப்பானா? பார்த்திருக்கக் கூடாது என்று அவள் கடவுளிடம் கேட்டாள்.

"கெதி, எழுந்திரு. நான்தான் சொல்லிட்டேனே, நான்தான்னு," என்றாள் மாதூசோ.

"இது எங்கப்பா முடிச்சு."

"வாயை மூடு புள்ள!" என்று மாதூசோ அதட்டினாள். அவள் குரல் உயர்ந்து அந்த வரிசை கேட்டதில்லை. கண் மொகெதியின் மேலேயே இருந்தது, இன்னும் அவர் கையில் டப்பா இருப்பது போல.

கெதிபோனே எழுந்து நின்றாள். சொல்லாமல் விட்டுவிடலாம். அப்பா மண்ணுக்குள் நிம்மதியாக இருப்பார். மாதூசோ இத்தனை காலம் சுமந்ததை இன்னும் கொஞ்ச காலம் சுமந்துவிட்டுப் போவாள், அவளே அதற்குத் தயாராகத்தான் நிற்கிறாள். அந்த எண்ணம் வந்ததே கெதிபோனேக்கு அசிங்கமாக இருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்றாள். "சந்தை மூடினது மாதூசோ இல்ல. எங்கப்பா. மாடு ஓடாம இருக்கறதுக்காக, பாசெகா கட்டிலை வெச்சு எங்கப்பாதான் கட்டினாரு. இவங்க அவருக்காகப் பொய் சொன்னாங்க. மொகெதி, உங்ககிட்டதான் சொன்னாங்க."

மொகெதி அடுக்கிவைத்திருந்த சிமென்ட் பலகைகள்மேல் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கு எனக்குப் பதினெட்டு வயசு," என்றார். "ராபாசெகா பேரு வந்திருந்தா... மகன் செத்த வீடுன்னுகூடப் பாத்திருக்க மாட்டோம். போலீசுக்கு மகனையே காட்டிக்கொடுத்தான்னு சொல்லியிருப்போம்." கூட்டம் சந்து வழியாகவே ஒவ்வொருவராகக் கலைந்தது.

சிமாவோ குழிக்குள் நின்றுகொண்டிருந்தான். மாதூசோ மரத்தடியில் கவிழ்த்துவைத்த வாளியின் மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கெதிபோனே அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏன் எங்கிட்டயாவது சொல்லல?"

"அன்னிக்கு நீ சின்னப் பொண்ணு. அண்ணன் போயிட்டான். அப்பாவும் போகணுமா? கறுப்பு எம்மேல இருந்துச்சு, சொன்னேன். கட்டிலை நானும் அவரும்தான் மாட்டுக் குழியில போட்டு மூடினோம். அழுதுகிட்டே மண்ணைத் தள்ளினாரு மனுசன்."

"பெறகாவது சொல்லியிருக்கலாமே. எவ்வளவு பேசினேன் உங்களை."

"பேசின. யாரையாவது பேசித்தானே ஆகணும் நீ? அவரைப் பேசுறதுக்கு என்னைப் பேசிட்டுப் போன்னு இருந்துட்டேன். அவரு சொல்றேன் சொல்றேன்னு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து சொல்வாரு. மகள் மூஞ்சியைப் பாத்ததும் வாய் வரலைம்பாரு."

கெதிபோனே தரையைப் பார்த்தாள். "கடைசியில உங்களைக் கூப்பிடச் சொன்னாரு."

"கேட்டுச்சு."

"கேட்டுச்சா?"

"ஜன்னல் தொறந்திருந்துச்சே. எம் பேரைச் சொன்னது கேட்டுச்சு. உடனே எழுந்து வந்தேன் கெதி. இந்தக் காலை வெச்சுக்கிட்டு எவ்வளவு வேகமா வர முடியுமோ அவ்வளவு வேகமா. உங்க சமையலறைக் கதவு தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு." மாதூசோ அதைக் குறையாகச் சொல்லவில்லை. நேற்று மழை பெய்தது என்பது போலத்தான் சொன்னாள். "அப்படியே கதவுல கை வெச்சு நின்னுட்டிருந்தேன், அவரு இருமல் நிக்கிற வரைக்கும்."

கெதிபோனே அவளுடைய மடியில் தலையை வைத்து வாய்விட்டு அழுதாள். அண்ணனுக்காக அழுதாளா, அப்பாவுக்காக அழுதாளா, அந்தக் கதவுக்காக அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மாதூசோவின் கை அவள் பின்னலைத் தடவிக்கொண்டிருந்தது. சிமாவோ வேறு பக்கம் திரும்பி, இல்லாத கயிற்றை அளந்துகொண்டிருந்தான்.

ரொம்ப நேரம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அவுசி, இந்தக் குழியை என்ன செய்யட்டும்?"

"மூடிடு. வேர் மேல நல்ல மண்ணாப் போடு."

"தூணு?"

"எல்லாத்தையும் புடுங்கித் தெருப்பக்கம் நட்டு வெச்சிடு. வார்டு கமிட்டி விளக்குப் போடுற வரைக்கும் திருடன் அந்தப் பக்கம்தான் வருவான்."

கட்டிலை அவர்கள் கழுவி வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். அப்பா கட்டிய கம்பிகளைச் சிமாவோ வெட்டப் போனபோது கெதிபோனே வேண்டாம் என்று தடுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மாதூசோவுக்குக் கிளினிக். கோல் சத்தம் சந்தில் கேட்டதும் கெதிபோனே அடுப்பிலிருந்த களியைக் கிண்டுவதை நிறுத்தினாள். வழக்கம்போல மாதூசோ வீட்டை ஒட்டிச் சுற்றிப் போகத் திரும்பினாள்.

"அங்க எங்க போறீங்க?" என்று கெதிபோனே உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "வீட்டுக்குள்ள வந்து முன்வாசல் வழியாப் போங்க, தூரம் குறையும். கதவு தொறந்துதான் இருக்கு."